தொங்கிப்போன கை மறுபடி மடங்குவது எப்படி?

பைக்கிலிருந்து தூக்கி எறியப்படுபவர் பல நேரங்களில் தோள் தரையில் மோதும்படி விழுகிறார். தோள் கீழே அழுந்த, தலை எதிர்ப்பக்கம் சாய, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஓடும் நரம்புகள் சட்டென்று இழுபடுகின்றன. தலைக்காயம், எலும்பு முறிவு என்று அவசரமானவற்றை எல்லாம் கவனித்து முடித்த பிறகுதான், "கை அசையவே இல்லையே" என்று வீட்டார் கேட்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய அல்கிமான்டாஸ் நராகாஸ் என்ற அறுவை மருத்துவர், தன்னிடம் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 1985இல் ஒரு கணக்கு சொன்னார். இந்தக் காயங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் சாலை விபத்தால் வருபவை, அவற்றிலும் 70 சதவீதம் இரு சக்கர வாகன விபத்துகள். நம் ஊர்ச் சாலைகளைத் தினமும் பார்ப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

கைக்குப் போகும் நரம்புகள் கழுத்துத் தண்டுவடத்திலிருந்து ஐந்து வேர்களாகப் புறப்படுகின்றன. மருத்துவர்கள் அவற்றை சி5, சி6, சி7, சி8, டி1 என்பார்கள். இவை காறை எலும்புக்கு அடியில் ஒன்றோடொன்று பின்னிப் பிரிந்து, அக்குள் வழியாகக் கைக்குள் இறங்குகின்றன. இதற்கு பிரேக்கியல் பிளெக்சஸ் என்று பெயர். மேல் வேர்கள் இரண்டும் போனால் தோளைத் தூக்க முடியாது, முழங்கையை மடக்க முடியாது. விரல்கள் மட்டும் வேலை செய்யும். கீழ் வேர்கள் போனால் நேர்மாறு: கை உயரும், ஆனால் எதையும் பிடிக்க வராது. ஐந்தும் போனால் கை முழுவதும் துவண்டு தொங்கும்.

எவ்வளவு பழுது என்பதுதான் அடுத்த கேள்வி. 1943இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹெர்பர்ட் செடன் வகுத்த மூன்று நிலைகள் இன்றும் பயன்படுகின்றன. முதல் நிலையில் நரம்பிழை அறுவதில்லை, செய்தி கடத்துவதை மட்டும் நிறுத்திக்கொள்கிறது. நாற்காலிக் கையின் மேல் புஜத்தைப் போட்டு அசந்து தூங்கியவருக்குக் காலையில் மணிக்கட்டு தூக்க வராமல் போவது பெரும்பாலும் இந்த வகை. சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். இரண்டாம் நிலையில் உள்ளே இழை அறுந்திருக்கும், அதைச் சுற்றிய உறை மட்டும் மிஞ்சியிருக்கும். இழை அந்த உறைக்குள்ளேயே மறுபடி வளர்ந்து போகலாம். மூன்றாம் நிலையில் உறையும் சேர்ந்து அறுந்துவிடும். அறுவை சிகிச்சை இல்லாமல் அது உருப்படியாக ஒட்டாது.

இவை எல்லாவற்றையும்விட மோசமான ஒன்று உண்டு. செடியை வேரோடு பிடுங்குவது போல, நரம்பு வேர் தண்டுவடத்திலிருந்தே பிய்ந்து வந்துவிடுவது. இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. உணர்வு நரம்புகளின் உயிரணு உடல்கள் தண்டுவடத்துக்குள் இல்லை, அதற்குச் சற்று வெளியே ஒரு முடிச்சில் இருக்கின்றன. வேர் அந்த முடிச்சுக்கு மேலே பிய்ந்தால், கையில் ஓடும் உணர்வு நரம்பு தன் உயிரணுவோடு சேர்ந்து நலமாகவே இருக்கும். ஆனால் அது அனுப்பும் செய்தி மூளைக்குப் போய்ச் சேராது. அதனால் நோயாளிக்குத் தோலில் தொட்டால் துளியும் தெரியாது, கருவியில் உணர்வு நரம்புச் சோதனை மட்டும் இயல்பு என்று காட்டும். சோதனையில் இயல்பு என்று வருவது கெட்ட செய்தியாகும் மிகச் சில இடங்களில் இது ஒன்று. அதே பக்கத்துக் கண் இமை லேசாகத் தொங்கி, கண்மணி சுருங்கியிருந்தாலும் டி1 வேர் பிய்ந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

கருவியில் செய்யும் இந்த நரம்புச் சோதனைகளை விபத்தான மறுநாளே செய்தால் பயன் குறைவு. அறுந்த நரம்பின் கீழ்ப்பகுதி சில நாட்கள் வரை மின்தூண்டலுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். பிறகுதான் சிதையும். 1850இல் ஆங்கிலேய ஆய்வாளர் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டிப் பார்த்து இந்தச் சிதைவை விவரித்தார். அதனால் மூன்று, நான்கு வாரங்கள் கழித்துச் செய்யும் சோதனையைத்தான் நம்பலாம்.

சிதைவு முடிந்து இடம் சுத்தமானதும், மேலே மிஞ்சிய முனையிலிருந்து புது இழை கிளம்புகிறது. வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர், மாதத்துக்கு 3 சென்டிமீட்டர். கழுத்திலிருந்து உள்ளங்கைத் தசைக்கு 60, 70 சென்டிமீட்டர் தூரம் இருக்கும். கணக்குப் போட்டால் இரண்டு ஆண்டுகள். ஆனால் நரம்பு இல்லாத தசை அவ்வளவு காலம் காத்திருக்காது. அது மெலிந்து, நரம்பு வந்து சேரும் இடங்களை இழந்து, கொழுப்பாகவும் நாராகவும் மாறத் தொடங்கும். 12 முதல் 18 மாதங்களுக்குப் பிறகு இழை வந்து சேர்ந்தாலும் தசை பெரும்பாலும் அசையாது.

"நரம்புதானே, ஒரு வருஷம் பாருங்க, தானா வந்துடும்" என்ற ஆறுதலைக் கேட்டால் எனக்குப் பதறுவது இதனால்தான். சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் மூன்று மாதத்தில் அசைவு எதுவும் திரும்பவில்லை என்றால், இந்த அறுவை சிகிச்சை தெரிந்தவரிடம் அதற்குள் காட்டியிருக்க வேண்டும். வேர் பிய்ந்திருக்கிறது என்று தெரிந்தால் அதுவரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை. எண்ணெய் தேய்த்துவிடுவது இதமாக இருக்கலாம், நரம்பை வளர்க்காது.

வேரே பிய்ந்துவிட்டால் எதோடு எதை ஒட்டுவது? இங்கேதான் நரம்பு மாற்றம் வருகிறது. வேலை செய்யும் நரம்பு ஒன்றிலிருந்து ஒரு பங்கை எடுத்து, செயலிழந்த தசையின் நரம்போடு இணைப்பது. 1994இல் பிரான்சின் அறுவை மருத்துவர் கிறிஸ்டோஃப் ஓபர்லின் ஒரு அழகான வழியைக் காட்டினார். விரல்களுக்குப் போகும் அல்நார் நரம்பு, முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசைக்கு அருகிலேயே மேல்கையில் ஓடுகிறது. அதிலிருந்து ஒரே ஒரு சிறு கற்றையைப் பிரித்து பைசெப்ஸ் நரம்போடு தைத்துவிட்டார். இழை வளர வேண்டிய தூரம் சில சென்டிமீட்டர்தான், சில மாதங்களில் முழங்கை மடங்கத் தொடங்கிவிடும். கொடுத்த நரம்பில் மற்ற கற்றைகள் இருப்பதால் விரல்களின் பலம் பெரிதாகக் குறைவதில்லை. ஐந்து வேர்களும் போனவருக்கு விலா எலும்புகளுக்கு இடையே மூச்சுக்கு உதவும் நரம்புகளையே கைக்குக் கொண்டுவருகிறார்கள். இத்தகைய அறுவை சிகிச்சைகளுக்குப் பெயர் பெற்ற கங்கா மருத்துவமனை கோவையில் இருக்கிறது.

அப்புறம் மூளையின் வேலை. ஓபர்லின் முறையில், பைசெப்ஸுக்கு இப்போது வருவது மணிக்கட்டையும் விரல்களையும் மடக்கும் கட்டளை. ஆகவே ஆரம்பத்தில் கையை இறுக்கி மூடினால்தான் முழங்கை மடங்கும். விலா நரம்பு மாற்றியவர் ஆழமாக மூச்சை இழுத்தால் கை மேலே வரும். பிசியோதெரபிஸ்ட் இந்த இணைப்பைப் பிடித்துக்கொண்டுதான் பயிற்சி தருகிறார்: "மூச்சை இழுங்க, மடக்குங்க." கண்ணால் பார்த்துக்கொண்டு, கண்ணாடி முன் உட்கார்ந்து, நாள் தவறாமல் செய்யச் செய்ய மூளையின் இயக்கப் பகுதி தன் தொடர்புகளை மாற்றிக்கொள்கிறது. கடைசியில் மூச்சைப் பற்றி நினைக்காமலே கை மடங்கும்.

ஆனால் அசைவு வரும்வரை உள்ள மாதங்களில்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அப்போதும் தோள், முழங்கை, மணிக்கட்டு, ஒவ்வொரு விரல் மூட்டு எல்லாவற்றையும் நல்ல கையாலோ வீட்டார் உதவியாலோ தினமும் முழு அளவுக்கு மடக்கி நீட்ட வேண்டும். மூட்டு இறுகிவிட்டால் நரம்பு வந்து சேர்ந்தும் பயனில்லை. நிற்கும்போதும் நடக்கும்போதும் ஸ்லிங் (கையைக் கழுத்திலிருந்து தாங்கும் துணிப்பட்டை) தேவை, இல்லையென்றால் கையின் எடையே தோள் மூட்டைக் கீழே இழுத்துவிடும். உணர்வில்லாத கை சூடான டம்ளரில் பட்டாலும் தெரியாது, தோலைத் தினமும் பார்க்க வேண்டும். வேர் பிய்ந்தவர்களில் பலருக்கு உணர்வில்லாத அதே கையில் நெருப்புப் போல வலி வரும். அது கற்பனை வலி அல்ல, உள்ளீடு இழந்த தண்டுவடத்திலிருந்து எழும் உண்மையான வலி. சாதாரண வலி மாத்திரை அதற்குக் கேட்காது, கபாபென்டின், பிரகாபலின் போன்ற வேறு வகை மருந்துகள் மருத்துவர் மேற்பார்வையில் வேண்டியிருக்கும்.

தாமதமாக வந்தவர்களுக்கும் கதவு முழுக்க மூடிவிடுவதில்லை. நன்றாக வேலை செய்யும் தசையின் நாணை (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற பகுதி) எடுத்து, செயலிழந்த தசையின் இடத்தில் பொருத்தலாம். 1940களின் இறுதியில் வேலூர் சிஎம்சியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு இந்த வழியில்தான் அசைவைத் திருப்பிக் கொடுத்தார். தொடையிலிருந்து கிராசிலிஸ் என்ற தசையை அதன் ரத்தக் குழாயோடும் நரம்போடும் எடுத்துக் கையில் வைப்பதும் உண்டு. முழங்கையை மடக்க அது போதும். விரல்களின் நுண்ணிய வேலைகள், சட்டைப் பொத்தான் போடுவது, ஊசியில் நூல் கோப்பது போன்றவை, ஐந்து வேரும் போன கைக்கு இன்னும் எட்டாமலே இருக்கின்றன.