ஜார்ஜியன் வீட்டில் அலுவலகம்: பழைய கட்டடம் புதிய சுமையைத் தாங்கும் விதம்

லண்டனின் பெட்ஃபோர்டு சதுக்கம் 1775க்கும் 1783க்கும் இடையில் கட்டப்பட்டது. ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்கும் அந்தச் செங்கல் வீடுகள் வசதியான குடும்பங்களுக்காக எழுந்தவை. ஜார்ஜ் என்ற பெயருடைய மன்னர்கள் பிரிட்டனை ஆண்ட காலத்தவை என்பதால் அவை ஜார்ஜியன் வீடுகள் எனப்படுகின்றன. இன்று அவற்றில் பலவற்றில் அலுவலகங்களும் கல்வி நிறுவனங்களும் இயங்குகின்றன. ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் என்ற கட்டடக்கலைப் பள்ளி 1917 முதல் அங்கேதான் இருக்கிறது. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் என்று கட்டியவை மேசைகளையும் கணினிகளையும் எப்படித் தாங்குகின்றன?

அடுத்தடுத்த இரு வீடுகளுக்குப் பொதுவான தடித்த சுவரிலிருந்து தொடங்க வேண்டும். தீ பரவாமல் தடுப்பதற்காக, 1774ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம் வீடுகளைத் தரம் பிரித்து, தரத்துக்கேற்பச் சுவரின் தடிமனை வரையறுத்தது. கணப்படுப்புகளின் புகைவழிகள் பெரும்பாலும் இந்தச் சுவருக்குள்ளேயே மேலேறுகின்றன. இன்று அவற்றில் புகை இல்லை. பயனற்றுக் கிடக்கும் அந்தக் குழாய்களின் வழியே மின்கம்பிகளையும் தகவல் கம்பிகளையும் கொண்டுசென்றால், அழகிய சுதை வேலைப்பாடுள்ள கூரைகளை உடைக்க வேண்டியதில்லை.

சுமை என்று பார்த்தால், கவலைக்குரியது தளம். இன்றைய பிரிட்டன் கணக்கின்படி வீட்டுத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோவும், அலுவலகத் தளம் சுமார் 250 கிலோவும் தாங்க வேண்டும். தளத்தின் அடியில் படுக்கைவாட்டில் நின்று அதைத் தாங்கும் பழைய மரச்சட்டங்கள் நல்ல நிலையில் இருந்தால் பெரும்பாலும் இதற்கு ஈடுகொடுக்கும். கோப்பு அலமாரிகளை அறையின் நடுவில் வைக்காமல், சட்டங்களின் முனைகளைத் தாங்கும் சுவரை ஒட்டியோ, தரைக்குக் கீழுள்ள தளத்திலோ வைத்தால் போதும். உண்மையான ஆபத்து, குழாய் பதிப்பவரின் உளியிலிருந்து வருகிறது. சட்டத்தின் வளைவு வலிமை அதன் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 200 மில்லிமீட்டர் உயரமுள்ள சட்டத்தின் நடுப்பகுதியில், மேல் விளிம்பில் 50 மில்லிமீட்டர் வெட்டிவிட்டால், அந்த இடத்தில் ஏறத்தாழ 44 விழுக்காடு வலிமை போய்விடும். அதே சட்டத்தின் உயரத்தில் சரிபாதியில் சிறு துளையிட்டுக் கம்பியைச் செலுத்தினால் இழப்பு மிகக் குறைவு, ஏனெனில் சட்டம் வளையும்போது மேற்பகுதி அமுங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது, நடுவில் இவ்விரண்டும் இல்லை.

இவ்வீடுகளில் என்னை மிகவும் வியக்கவைப்பது கற்படிக்கட்டு. ஒவ்வொரு படியின் ஒரு முனை மட்டும் சில அங்குலம் சுவருக்குள் புதைந்திருக்கும். மறுமுனையின் கீழே தூண் இல்லை. படி சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு தானாகவே நிற்பதாகத் தோன்றினாலும் அது அப்படி நிற்பதில்லை. நாம் மிதிக்கும்போது படி முறுக்கிக்கொண்டு திரும்ப முயல்கிறது. அதன் முன்விளிம்பு கீழ்ப்படியின் பின்விளிம்பில் அமர்ந்திருப்பதால் திரும்ப முடிவதில்லை. முறுக்கலைச் சுவர் ஏற்க, எடை படிப்படியாக இறங்கித் தரையைச் சேர்கிறது. எனவேதான் மின்தூக்கிக்கு இடம் தேடி நடுவில் ஒரு படியைக்கூட எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் மேலே உள்ளவை அனைத்தும் ஆதாரம் இழக்கும்.

சுவர்ச் செங்கற்களை இணைப்பது சுண்ணாம்புக் காரை. உள்ளே புகும் ஈரத்தை அது மெல்ல வெளியே விடும். அதைச் சுரண்டிவிட்டு இணைப்புகளில் சிமென்ட் பூசினால், ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, பனிக்காலத்தில் உறைந்து, செங்கல்லின் முகத்தை உரித்தெடுக்கும். சுவரில் பதிந்திருக்கும் மரத்துண்டுகளும் உளுத்துப்போகும். நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட பழுதுபார்ப்பே சுவரைக் கெடுப்பது வருந்தத்தக்கது.

மேலும் கீழும் நகரும் ஜன்னல்களும் இதே கவனத்தைக் கேட்கின்றன. சட்டகத்தின் இருபுறமும் மரப்பெட்டிக்குள் இரும்பு எடைக்கற்கள் கயிற்றில் தொங்கி ஜன்னலின் எடையைச் சமன் செய்கின்றன. அதனால் ஒரு விரலாலேயே அதை உயர்த்திவிடலாம். ஜன்னலின் மேல்பாதியைச் சற்று இறக்கி, கீழ்ப்பாதியைச் சற்று ஏற்றினால், சூடான காற்று மேலே வெளியேறக் குளிர்ந்த காற்று கீழே நுழையும். தெரு இரைச்சலையும் குளிரையும் தடுக்க அலுவலகங்கள் உட்புறம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் பொருத்துகின்றன. அதில் இடுக்கின்றி அடைக்க வேண்டியது உட்சட்டத்தைத்தான். பழைய வெளிஜன்னலின் சிறு இடுக்குகளை விட்டுவைக்க வேண்டும். இல்லையென்றால் அறையின் ஈரக்காற்று இடைவெளிக்குள் நுழைந்து, குளிர்ந்த வெளிக்கண்ணாடியில் நீராக வழிந்து, அடிச்சட்டத்தின் மரத்தில் தேங்கிவிடும்.