பூமியின் ஓட்டம் உடலுக்கு ஏன் தெரிவதில்லை?

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் விடியற்காலையில் கிழக்கு நோக்கி நின்றால், கடல் விளிம்பில் சூரியன் தலைகாட்டியதிலிருந்து அதன் வட்டம் முழுவதும் மேலேறி வர இரண்டு நிமிடத்துக்குச் சற்றே அதிகமாகும். அந்த இரண்டு நிமிடமும் நம் காலடி மணல் நம்மையும் சுமந்துகொண்டு கிழக்கே ஓடுகிறது. நிலநடுக்கோட்டில் பூமியின் சுழற்சி வேகம் மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர்; அதற்கு 9 பாகை வடக்கே இருக்கும் இராமேசுவரம் தீவில் அது சுமார் 1,650 கிலோமீட்டர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல். அவ்வளவு தூரத்தைப் பூமியின் சுழற்சியில் நாம் ஒரு நிமிடத்துக்குச் சில நொடிகள் கூடுதலான நேரத்தில் கடந்துவிடுகிறோம். சூரியனைச் சுற்றும் ஓட்டத்தில் அதே தூரத்துக்கு ஒரே நொடி போதும். இருந்தும் கையில் பிடித்திருக்கும் தேநீர் தளும்புவதில்லை.

இதற்கான விடையின் பாதியை இக்கரையின் மீனவர்கள் தொழிலிலேயே அறிந்திருக்கிறார்கள். இரவில் அலையடங்கிய கடலில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் படகை நீரோட்டத்தோடு விட்டால், படகு நகர்வது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. படகும் அதைச் சுற்றியுள்ள நீரும் ஒன்றாகவே போவதால் பலகையின் ஓரத்தில் நீர் அசையாமல் நிற்பது போலவே இருக்கும். பாம்பன் கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் முன்பிருந்த திசையிலிருந்து விலகியிருப்பதைக் கண்ட பிறகுதான், இழுத்துவரப்பட்ட தூரம் புரியும். நங்கூரத்தைப் போட்டுக் கயிறு விறைத்ததும், அதுவரை அசையாதிருந்த நீர் படகின் பக்கவாட்டில் சலசலத்து ஓடத் தொடங்கும். நீரின் வேகம் முன்னும் பின்னும் ஒன்றுதான். ஒப்பிட்டுப் பார்க்க நிலையான ஒன்று கிடைத்ததும் அது புலப்பட்டது.

கி.பி. 499-ஆம் ஆண்டையொட்டி ஆரியபட்டர் எடுத்துக்காட்டியதும் படகைத்தான். படகில் முன்னோக்கிச் செல்பவனுக்குக் கரையிலுள்ள அசையாப் பொருள்கள் பின்னோக்கி நகர்வதாகத் தோன்றுவதைப் போல, அசையா விண்மீன்கள் இலங்கையில் நேர் மேற்காகச் செல்வதாகத் தோன்றுகின்றன என்றார் அவர். பண்டைய இந்திய வானியலில் இலங்கை என்பது நிலநடுக்கோட்டின் மேல் வைத்துக் கணக்கிடப்பட்ட ஒரு புள்ளியைக் குறிக்கும். இன்றைய தீவையே குறித்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் அந்த உவமை இந்தக் கடற்கரையில் நின்று படிக்கும்போது கூடுதல் நெருக்கத்தோடு விளங்குகிறது என்பது என் அனுபவம்.

பூமி இவ்வளவு வேகமாக ஓடினால், குதிப்பவர் வேறிடத்தில் அல்லவா விழ வேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அரை நொடி அந்தரத்தில் இருப்பவரின் கீழே தரை மட்டும் நழுவிப் போவதாக இருந்தால், அவர் சுமார் 230 மீட்டர் மேற்கே போய் விழ வேண்டும். ஆனால் தரையின் கிழக்கு நோக்கிய வேகம் அவர் உடலிலும் முன்பே இருக்கிறது. குதித்ததால் அது அழிந்துவிடுவதில்லை. காற்றும் அப்படியே பூமியோடு சேர்ந்து சுழல்கிறது. அது பின்தங்கி நின்றிருந்தால், 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைவிடப் பல மடங்கு வேகத்தில் கிழக்கிலிருந்து ஓயாமல் காற்று அடித்துக்கொண்டிருக்கும்.

மீதிப் பாதி விடை நம் காதுக்குள் இருக்கிறது. உள்காதில் அரைவட்டக் குழல்கள் மூன்றும், அவற்றினுள் ஒரு திரவமும் உள்ளன. தலை திரும்பத் தொடங்கும்போது திரவம் ஒரு கணம் பின்தங்குகிறது. அந்தத் தள்ளலில் நுண்ணிய உணர்மயிர்கள் வளைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டே இருந்தால் திரவமும் குழலோடு சேர்ந்துகொள்ள, உணர்வு படிப்படியாக மங்கிவிடும். குடைராட்டினத்தில் கண்ணை மூடிக்கொண்டு சுற்றியவர்களுக்கு, அது கிளம்பும்போதும் நிற்கும்போதும்தான் தலை கிறுகிறுக்கும். குழல்களின் அருகிலுள்ள சிறு பைகளில் சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. பேருந்து திடீரென்று பிரேக் பிடித்தால் நாம் முன்னே சாய்வதை அவை உணர்த்தும். இவ்விரண்டு அமைப்புகளும் வேகம் மாறுவதை மட்டுமே அளக்கின்றன. வேகத்தையே அளக்கும் உறுப்பு எதுவும் நம் உடலில் இல்லை.

பூமியின் சுழற்சியோ மணிக்கு 15 பாகை, அதாவது கடிகாரத்தின் சிறிய முள் சுற்றும் வேகத்தில் பாதி. அதுவும் நாம் பிறந்த நாளிலிருந்து கூடாமலும் குறையாமலும் நடக்கிறது. வட்டப் பாதையில் செல்வதால் ஓட்டத்தின் திசை மாறிக்கொண்டே இருப்பது உண்மை. அதன் விளைவாக, பூமி சுழலாதிருந்தால் எவ்வளவு எடை இருக்குமோ அதைவிட 60 கிலோ எடையுள்ள ஒருவர் இராமேசுவரத்தில் ஏறத்தாழ 200 கிராம் குறைவாக இருக்கிறார். அந்தக் குறைவு இரவும் பகலும் ஒரே அளவாக இருப்பதால், அது இருப்பதாகவே உடல் எண்ணுவதில்லை.

ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்யும் காற்றின் போக்கில் பூமியின் சுழற்சி பதிந்துவிடுகிறது. வங்கக் கடலில் தாழ்வழுத்த மையத்தை நோக்கி நாலாபுறமிருந்தும் ஓடிவரும் காற்றை அது வலப்புறமாகத் திருப்புவதால், காற்று மையத்தை நேராகச் சென்று அடையாமல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. பூமி சுழலாதிருந்தால், கிழக்கேயிருந்து புயல் நெருங்கும்போது இந்தக் கரையில் காற்று மேற்கிலிருந்து மையத்தை நோக்கி வீச வேண்டும். நடப்பது வேறு. முதலில் வாடையாக வடக்கிலிருந்து அடிக்கும். புயலின் கண் நேர்மேலே வந்ததும் சற்று நேரம் அடங்கும். கண் கடந்துபோன பிறகு எதிர்ப்புறமிருந்து, தெற்கிலிருந்து சோழகமாகத் திரும்பி அடிக்கும்.