வாட்டர்கலர் வரலைன்னா முதல்ல பேப்பரைப் பாருங்க

வாட்டர்கலர் கத்துக்க வர்றவங்க பையைத் திறந்தா பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். 24 கலர், 36 கலர்னு நல்ல பெயிண்ட் செட், ஆசையா வாங்கின நாலஞ்சு பிரஷ், அப்புறம் மிச்சக் காசுக்கு வாங்கின ஒரு சாதாரண டிராயிங் நோட்டு. அதுல வானம் போட்டா திட்டுத்திட்டா வருது, ரெண்டாவது லேயர் வச்சா முதல் லேயர் கரைஞ்சு சேறாகுது, காய்ஞ்சதும் பேப்பர் அலை அலையா நெளிஞ்சு நிக்குது, உடனே "எனக்கு கை வரல சார், வாட்டர்கலர் எனக்கு செட் ஆகாது"ன்னு முடிவு கட்டிடுறாங்க. எத்தனையோ பேர் அதோட விட்டுட்டே போயிடுறாங்க, அதைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாவே மனசு கஷ்டமா இருக்கும். ஏன்னா அதே ஆள் கையில ஒரு காட்டன் பேப்பர் (பருத்தி நார்ல செஞ்ச பேப்பர்) துண்டைக் குடுத்து அதே வானத்தைப் போடச் சொன்னா பாதிப் பிரச்சினை அங்கேயே காணாமப் போயிடுது, மீதி பழகப் பழக வந்துடும்.

அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்றது ஒண்ணுதான். கையில காசு கம்மியா, கலர் எண்ணிக்கையைக் குறைங்க, பேப்பர்ல குறைக்காதீங்க. ஆறு கலர் நல்ல பேப்பர்ல செய்யுற வேலையை 36 கலர் மோசமான பேப்பர்ல செய்யாது.

ஏன் வாட்டர்கலருக்கு மட்டும் பேப்பர் இவ்ளோ முக்கியம்? ஆயில்லயும் அக்ரிலிக்லயும் பெயிண்ட் ஒரு கனமான படலமா மேல உக்காந்துடும், வெள்ளை வேணும்னா வெள்ளை பெயிண்ட் எடுத்து வச்சுக்கலாம். வாட்டர்கலர்ல அந்தப் படலம் ரொம்ப மெல்லிசு, வெளிச்சம் அதைத் தாண்டிப் போய் பேப்பர்ல பட்டுத் திரும்பி வருது, நாம பார்க்குற பளிச்சுங்கிற கலர் அதுதான், வெள்ளைங்கிறதே பேப்பர்தான். இன்னொண்ணு தண்ணி. பேப்பர் ஈரமா இருக்கிற அந்த நேரத்துக்குள்ளதான் முக்கால்வாசி வேலையும் நடக்குது, அந்த நேரம் எவ்ளோங்கிறதை முடிவு பண்றது பிரஷ்ஷும் இல்ல, நீங்களும் இல்ல, பேப்பர்தான்.

இதை கண்ணாலயே பார்க்கலாம். ஒரு மரக்கூழ் பேப்பர், ஒரு 100% காட்டன் பேப்பர், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, அதே பிரஷ், அதே அல்ட்ராமெரைன் நீலம், அதே அளவு தண்ணியில ஒரு வாஷ் போடுங்க, அதாவது தண்ணியா கரைச்ச கலரை அகலமா பூசி விடுங்க. போட்டுட்டு தலையைச் சாய்ச்சு ஓரமா வெளிச்சத்துல அந்த ஈரத்தோட மினுமினுப்பைப் பாருங்க. காட்டன் பேப்பர்ல தண்ணி நாருக்குள்ள இறங்கி நிக்கும், அதனால மினுப்பு எல்லா இடத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணா மெதுவா அடங்கும், அதுக்குள்ள மேகத்துக்கு கலரை எடுக்கலாம், இன்னொரு கலரை விட்டு மெல்லக் கலக்க விடலாம். மரக்கூழ் பேப்பர்ல தண்ணி மேலாப்புலயே தேங்கும், ஒரு இடம் காய்ஞ்சு மங்கிடும், பக்கத்துலயே இன்னொரு இடம் குட்டையா மினுங்கும். அந்த பாதி காய்ஞ்ச இடத்துல ஈர பிரஷ் பட்டுச்சுன்னா தண்ணி கலரைத் தள்ளிக்கிட்டுப் போய் காலிஃப்ளவர் மாதிரி ஒரு விளிம்பை உண்டாக்கிடும். புதுசா கத்துக்கிறவங்க இதை தன்னோட தப்புன்னு நினைச்சு அதைச் சரி பண்ண மேல மேல தேய்ப்பாங்க, பேப்பர் திரி திரியா உரிஞ்சு வரும்.

லேயர் விஷயமும் இதேதான். காட்டன்ல கலர் கொஞ்சம் உள்ள இறங்கிப் பிடிச்சுக்கும், நல்லா காய விட்டு மேல இன்னொரு லேயர் போட்டா கீழ இருக்கிறது அசையாது. மரக்கூழ்ல கலர் மேலயே நிக்கிறதால அடுத்த பிரஷ்ஷு கூடவே எழுந்து வந்துடும். நியாயமா சொல்லணும்னா இதுல ஒரு லாபமும் இருக்கு, போட்ட கலரை ஈர பிரஷ்ஷால ஒத்தி எடுக்கிறது மரக்கூழ் பேப்பர்ல சுலபம், கலரும் கொஞ்சம் பளிச்சுன்னு தெரியும். கலர் சாம்பிள் போட்டுப் பார்க்க, பேனா ஸ்கெட்சுக்கு மேல லேசா கலர் பூச, கம்போசிஷன் யோசிக்க எல்லாம் அது தாராளமா போதும். ஈரத்து மேல ஈரமா வேலை பண்றதைக் கத்துக்க மட்டும் அது உதவாது, தப்பான டைமிங்கை கைக்குப் பழக்கி விட்டுடும்.

அடுத்தது சைஸிங். கடையில இதைப் பத்தி யாரும் சொல்ல மாட்டாங்க. பேப்பர் தண்ணியை அப்படியே உறிஞ்சிடாம இருக்க அதுல ஒரு பசையைச் சேர்க்கிறாங்க. சில மில்லுல கூழோடயே கலக்கிறாங்க, சில மில்லுல செஞ்ச பேப்பரை ஜெலட்டின்ல முக்கி எடுக்கிறாங்க, ரெண்டும் பண்றவங்களும் உண்டு. மேற்பரப்புல ஜெலட்டின் இருக்கிற பேப்பர் நல்லா அடி தாங்கும், தேய்க்கலாம், சுரண்டலாம், மாஸ்கிங் டேப் ஒட்டி எடுக்கலாம். இங்கிலாந்து ஓவியர் டர்னர் கலரைக் கழுவி எடுத்து, நகத்தாலயும் கத்தியாலயும் சுரண்டி வெளிச்சம் கொண்டு வந்தார்னா அவர் நிறைய யூஸ் பண்ணின வாட்மன் பேப்பரோட கெட்டியான ஜெலட்டின் சைஸிங் அதுக்கு இடம் குடுத்துச்சு. அவர் பிறந்த அதே 1775-ல பிறந்த இன்னொரு வாட்டர்கலர் ஓவியர்தான் தாமஸ் கிர்ட்டின், ரெண்டு பேரும் இளவயசுல சேர்ந்தே வேலை பார்த்தவங்க. ஆனா கிர்ட்டின் விரும்பினது சொரசொரப்பான, லேசா பழுப்பு சாயல் இருக்கிற, கலரை உறிஞ்சுற கார்ட்ரிட்ஜ் பேப்பர், அவரோட அகலமான அமைதியான வாஷ் எல்லாம் அதுல வந்ததுதான். டர்னர் பண்ணின சுரண்டலை அந்தப் பேப்பர் தாங்கியிருக்காது.

இந்த சைஸிங் கெட்டுப் போகும், இதை தயவுசெஞ்சு ஞாபகம் வச்சுக்கோங்க. ஈரக்காத்து படுற அலமாரியில வருஷக்கணக்கா வச்சிருந்த பேப்பர் வெளிய பார்க்க புதுசு மாதிரியே இருக்கும், வாஷ் போட்டதும் அங்கங்க புள்ளி புள்ளியா கலர் உள்ள இழுத்து கருத்துப் போகும், அதை எந்த டெக்னிக்காலயும் காப்பாத்த முடியாது. சந்தேகமா இருந்தா வரையுறதுக்கு முன்னாடி ஒரு ஓரத்துல வெறும் தண்ணி தடவிப் பாருங்க. சமமா மினுங்கினா நல்லது, நடுவுல திட்டுத்திட்டா உடனே உறிஞ்சி மங்கிச்சுன்னா அந்த ஷீட்டை சார்கோலுக்கோ அக்ரிலிக்குக்கோ ஒதுக்கிடுங்க. நல்ல பேப்பரை நல்லா மூடுற பிளாஸ்டிக் கவர்ல போட்டு, தரையில வைக்காம, சுவரை ஒட்டி வைக்காம படுக்கை வசமா வையுங்க. லோஷன் தடவின கையால பேப்பர் நடுவுல தொடாதீங்க, எண்ணெய்ப் பசை பட்ட இடத்துல கலர் பிடிக்காது.

ஜிஎஸ்எம் பத்தி ஒரு பெரிய குழப்பம் இருக்கு. 300 ஜிஎஸ்எம்னு அட்டையில போட்டிருந்தா நல்ல பேப்பர்னு நினைச்சு வாங்கிடுறாங்க, அது வெறும் எடைதான், ஒரு சதுர மீட்டர் 300 கிராம் இருக்குன்னு அர்த்தம். மரக்கூழ்லயும் 300 உண்டு, காட்டன்லயும் உண்டு, ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் இருக்கிற வித்தியாசம். எடை சொல்றது பேப்பர் எவ்ளோ நெளியும்ங்கிறதைத்தான். நனைஞ்சா நார் உப்பும், ஒரே சீரா உப்பாது, அதனாலதான் அலை. 190-ன்னா ஸ்ட்ரெட்ச் பண்ணியே ஆகணும், 300-க்கு நாலு பக்கமும் டேப் ஒட்டினா சின்ன சைஸுக்கு போதும், 640 பலகை மாதிரி நிக்கும், ஆனா விலையும் அதுக்கேத்த மாதிரி. ஸ்ட்ரெட்ச் பண்ண பேப்பரை தண்ணியில ஊற வச்சு போர்டுல விரிச்சு, நனைச்சா ஒட்டுற பழுப்பு கம் டேப்பை ஒட்டி, படுக்க வச்சே காய விடணும். மாஸ்கிங் டேப் இதுக்கு ஆகாது, ஈர பேப்பர்ல பிடிக்கவே பிடிக்காது.

டெக்ஸ்சர் ஹாட் பிரஸ், கோல்ட் பிரஸ், ரஃப்னு மூணு இருக்கு. ஹாட் பிரஸ் வழவழப்பு, பூ, முகம்னு நுணுக்கமா வரையுறவங்களுக்கு, ஆனா வாஷ் வழுக்கிக்கிட்டு ஓடும். ரஃப்ல அந்த சின்னச் சின்னக் குழிக்குள்ள அல்ட்ராமெரைன் மாதிரி குருணையா படியுற கலர் இறங்கி அழகா நிக்கும், காய்ஞ்ச பிரஷ்ஷை படுக்க வச்சு இழுத்தா தண்ணி மேல வெயில் மினுங்குற எஃபெக்ட் ஒரே இழுப்புல வந்துடும். கோல்ட் பிரஸ் இந்த ரெண்டுக்கும் நடுவுல, ஆரம்பிக்கிறவங்க அதை வாங்குங்க, வேற யோசனை வேணாம்.

படம் வரைஞ்சு விக்கிறவங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. மரக்கூழ்ல லிக்னின் (மரத்துக்கு கெட்டித்தன்மை குடுக்கிற பொருள்) மிச்சம் இருந்தாலோ பேப்பர்ல அமிலம் இருந்தாலோ வருஷம் போகப் போக மஞ்சளாகி நொறுங்கும். ஆசிட் ஃப்ரீன்னு இருக்கான்னு கட்டாயம் பாருங்க. சில பேப்பர் பளிச்சுன்னு வெள்ளையா தெரிய ஆப்டிகல் பிரைட்னர் சேர்க்கிறாங்க, வெளிச்சத்துல அது நாளாக நாளாக செயலிழந்து, அந்தப் போலி வெள்ளை போயிடும். யூவி டார்ச் இருந்தா இருட்டுல அடிச்சுப் பாருங்க, பேப்பர் நீலமா ஜொலிச்சா பிரைட்னர் இருக்கு. பயிற்சிக்கு பரவாயில்ல, ஒருத்தர் காசு குடுத்து வாங்கி சுவத்துல மாட்டப் போற படத்தை அதுல போட்டுக் குடுக்கிறது சரியில்ல.

வாங்கும்போது அட்டைப்படத்தைப் பார்க்காதீங்க, பின்னாடி சின்ன எழுத்தைப் படிங்க. வாட்டர்கலர் பேப்பர்னு மட்டும் போட்டு எதுல செஞ்சதுன்னு சொல்லலைன்னா பெரும்பாலும் மரக்கூழ்தான். 25% காட்டன்னு இருந்தா மீதி முக்கால் பங்கு வேற நார்னு புரிஞ்சுக்கோங்க. பேடா வாங்காம 56 × 76 சென்டிமீட்டர் முழு ஷீட்டா வாங்கினா பெரும்பாலும் கணக்குல மலிவா வரும், அதை எட்டா வெட்டினா ஒவ்வொண்ணும் 28 × 19 வரும், பயிற்சிக்கு அது தாராளம். ரெண்டு பக்கமும் வரையலாம், சொதப்பின படத்தோட பின்பக்கம் அடுத்த படத்துக்கு. ஏற்கனவே வாங்கி வச்சிருக்கிற டிராயிங் நோட்டை தூக்கிப் போட வேணாம், முதல்ல அதுல பென்சில்ல வெளிச்சம் எங்க, நிழல் எங்கன்னு சின்னதா போட்டுப் பார்த்துட்டு, பிரஷ்ஷை எடுக்கும்போது காட்டனுக்கு வாங்க.