கிராண்ட் ஜூரி அறையில் 12 என்ற எண்

அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி ஓராண்டுக்கு மேல் சிறைத் தண்டனை தரக்கூடிய குற்றத்தை ஒருவர் மீது சுமத்த வேண்டுமானால், அரசு வழக்கறிஞரின் விருப்பம் மட்டும் போதாது. 1791-இல் வந்த ஐந்தாவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி கிராண்ட் ஜூரி என்ற குடிமக்கள் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். மரண தண்டனைக்குரிய வழக்கு தவிர மற்றவற்றில், குற்றம் சாட்டப்படுபவர் தானாகவே இந்த உரிமையை விட்டுக்கொடுக்கலாம்.

குழுவில் 16 முதல் 23 பேர் வரை இருப்பார்கள். எல்லோரும் சாதாரணக் குடிமக்கள். ஒரே குழு 18 மாதங்கள் வரை பல வழக்குகளைக் கேட்கும். ஒருவர் குற்றவாளியா என்று அவர்கள் தீர்ப்பதில்லை. குற்றம் நடந்தது, அதை இவர் செய்தார் என்று நம்ப நியாயமான அடிப்படை இருக்கிறதா என்பதே அவர்கள் முன் உள்ள கேள்வி.

அறைக்குள் நீதிபதி கிடையாது. அரசு வழக்கறிஞர், சாட்சி, பதிவு செய்பவர், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளர், அவ்வளவுதான். சாட்சியின் வக்கீல்கூட வெளியே தாழ்வாரத்தில் காத்திருக்க வேண்டும். சிக்கலான கேள்வி வந்தால் சாட்சி எழுந்துபோய் அவரிடம் கேட்டுவிட்டுத் திரும்பலாம்.

பெரும்பாலும் சாட்சி நாற்காலியில் உட்காருபவர் புலனாய்வு அதிகாரி. வங்கி மேலாளர் சொன்னதையும் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்ததையும் அவரே தொகுத்துச் சொல்வார். வழக்கு விசாரணையில் இப்படிப்பட்ட செவிவழிச் சாட்சியத்துக்கு உடனே ஆட்சேபணை எழும். இங்கே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1956-இல் சொல்லிவிட்டது. சட்டவிரோதச் சோதனையில் கிடைத்த ஆதாரத்தை வைத்துக் கேள்வி கேட்கவும் 1974-இல் வழிவிட்டது. குற்றம் சாட்டப்படுபவருக்குச் சாதகமான ஆதாரத்தைக் காட்டியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 1992-இல் தீர்ப்பளித்தது. வலுவான சாதக ஆதாரம் கையில் இருந்தால் காட்டிவிட வேண்டும் என்று அரசு வழக்கறிஞர்கள் பணிபுரியும் நீதி அமைச்சகத்தின் சொந்தக் கையேடு சொல்கிறது. ஆனால் மீறினால், அந்த ஒரு காரணத்துக்காகக் குற்றப்பத்திரிகை ரத்தாகாது. என் கணிப்பில் இந்த முறையின் பெரிய பலவீனம் இதுதான்.

சாட்சியம் முடிந்ததும் ஜூரி உறுப்பினர்கள் மட்டும் அறையில் இருப்பார்கள். பேச்சும் வாக்கெடுப்பும் பதிவு செய்யப்படுவதில்லை. வழக்கறிஞர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த குற்றப்பத்திரிகைக்கு ஆதரவாக 12 வாக்குகள் வேண்டும். எத்தனை பேர் வந்திருந்தாலும் இந்த எண் மாறாது. 23 பேரும் இருந்தால் 12 என்பது பாதிக்குச் சற்றே மேல். 16 பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் அதே 12 முக்கால் பங்கு. அன்றைக்கு ஐந்து பேர் தயங்கினாலே வழக்கு நின்றுவிடும்.

வாக்கு கிடைத்தால் தலைமை உறுப்பினர் கையெழுத்திடுவார். குற்றப்பத்திரிகை நீதிபதியிடம் போகும். கிடைக்காவிட்டால் அது முடிவல்ல. விசாரணையே இன்னும் தொடங்கவில்லை என்பதால், ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரிக்கக் கூடாது என்ற தடை இங்கே பொருந்தாது. புதிய ஜூரியிடம் அதே வழக்கைக் கொண்டுபோகலாம்.

2010-இல் மத்திய அரசு வழக்கறிஞர்கள் நடத்திய சுமார் 1,62,000 வழக்குகளில் கிராண்ட் ஜூரி மறுத்தது 11 மட்டுமே. ஜூரி வெறும் முத்திரைக் கட்டை என்று இதிலிருந்து உடனே முடிவுகட்டக் கூடாது. வலுவில்லாத வழக்கை வாக்கெடுப்புவரை கொண்டுபோகாமலே வழக்கறிஞர் கைவிடலாம். ஆனால் ஒரு தரப்பை மட்டும் கேட்கும் அறையில் மறுப்பு அரிதாக எழுவதிலும் வியப்பில்லை. உறுப்பினர்கள் கையில் இருக்கும் உண்மையான கருவி கேள்வி கேட்கும் உரிமை. அதிகாரி பிறர் சொன்னதைச் சொல்லும்போது, நேரில் பார்த்தவரையே அழைத்து வாருங்கள் என்று அவர்கள் கேட்கலாம்.

தவறுகள் எல்லாவற்றுக்கும் ஒரே விளைவு இல்லை. ஒரு வழக்கில் இரண்டு அதிகாரிகள் சேர்ந்து உட்கார்ந்து சாட்சி சொன்னார்கள். விதிப்படி ஒரு நேரத்தில் ஒரு சாட்சிதான் இருக்கலாம். பின்னால் வழக்கு விசாரணையில் தீர்ப்புச் சொல்லும் தனி ஜூரி குற்றவாளி என்று தீர்ப்பளித்துவிட்டதால் அந்தப் பிழை பொருட்டல்ல என்றது உச்ச நீதிமன்றம், 1986-இல். அதே ஆண்டு, கலிபோர்னியா மாநில வழக்கொன்றில், கறுப்பினத்தவரைத் திட்டமிட்டு விலக்கி அமைத்த கிராண்ட் ஜூரி 1962-இல் கொடுத்த குற்றப்பத்திரிகை, 24 ஆண்டுகளுக்குப் பிறகு, கொலைக் குற்றத்துக்கான தண்டனையோடு சேர்ந்து வீழ்ந்தது.