ஒரு கோடி ரேகைகளில் ஒருவரைத் தேடுவது எப்படி?

‘கைரேகை நிபுணர்கள் வரவழைக்கப்பட்டு தடயங்கள் சேகரிக்கப்பட்டன. மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது.’ பூட்டிய வீட்டில் திருட்டு என்று செய்தி வந்தால் கடைசியில் இந்த இரண்டு வரியும் இருக்கும். நாய் என்ன ஆனது என்று தெரிகிறது. சேகரித்த ரேகை என்ன ஆகிறது, அத்தனை ரேகைகளுக்கு நடுவே அதை எப்படித் தேடுகிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதல் பாதி பள்ளிக்கூட வேதியியல்தான். தொட்ட இடத்தில் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் ரேகை வடிவில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி, பீரோ போன்ற வழவழப்பான பரப்பு என்றால் பொடி தூவி, பிரஷ்ஷால் மெல்லத் தடவி, டேப்பில் ஒட்டி எடுப்பார்கள். காகிதம் என்றால் நின்ஹைட்ரின். வியர்வையில் இருக்கும் அமினோ அமிலங்களோடு அது சேர்ந்தால் ரேகை ஊதா நிறத்தில் எழும்பி வரும்.

எனக்குப் பிடித்தது அடுத்த பாதி, அதாவது தேடுவது. இது கணினிக்கு முன்பே ஒருமுறை தீர்க்கப்பட்ட கணக்கு, அதுவும் இந்தியாவில். 1890-களில் வங்காள மாகாண போலீஸின் ஐ.ஜி.யாக இருந்தவர் எட்வர்ட் ஹென்றி. குற்றவாளிகளின் பத்து விரல் ரேகைகளை அட்டையில் பதிந்து வைக்கலாம்தான். ஆனால் பிடிபட்டவன் பெயரை மாற்றிச் சொன்னால் அவனுடைய பழைய அட்டையை எப்படித் தேடுவது? அவரிடம் வேலை பார்த்த காஜி அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு சப்-இன்ஸ்பெக்டர்கள் இதற்கு வழி கண்டார்கள். கணக்கு ஹக்குடையது. பெயர் மட்டும் இன்றுவரை ‘ஹென்றி முறை’.

கணக்கு இதுதான். ஒவ்வொரு விரலிலும் சக்கரம் (சுழி) இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் பாருங்கள். வலது கட்டைவிரல் 1 எனத் தொடங்கி வலது சுண்டுவிரல் 5, இடது கட்டைவிரல் 6, இடது சுண்டுவிரல் 10 என்று எண்ணிடுங்கள். இரண்டிரண்டு விரலாக மதிப்பு: முதல் இரண்டுக்கு 16, அடுத்த ஜோடிகளுக்கு 8, 4, 2, 1. சக்கரம் இருந்தால் அந்த மதிப்பு, இல்லாவிட்டால் பூஜ்யம். இரட்டைப்படை விரல்களின் கூட்டுத்தொகையோடு 1 சேர்த்து மேலே எழுதுங்கள். ஒற்றைப்படைக்கும் அப்படியே செய்து கீழே எழுதுங்கள்.

ஒருவருக்கு வலது கட்டைவிரல், வலது மோதிரவிரல், இடது ஆள்காட்டிவிரல் ஆகிய மூன்றில் மட்டும் சக்கரம் என்று வைத்துக்கொள்வோம். மோதிரவிரல் 4-ஆவது, மதிப்பு 8, மேலே 9. மற்ற இரண்டும் 1-ஆவதும் 7-ஆவதும், 16-உம் 2-உம், கீழே 19. அவருடைய அட்டை 9/19 என்ற அறைக்குப் போகும். 16, 8, 4, 2, 1 என்பவை இரண்டின் அடுக்குகள். எந்த விரல்களைக் கூட்டினாலும் இன்னொரு சேர்க்கையோடு குழம்பாது. மேலே 32 வாய்ப்பு, கீழே 32 வாய்ப்பு; மொத்தம் 1,024 அறைகள். மின்னணுக் கணினி வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே ஒரு மர அலமாரிக்குள் பத்து பிட் (பத்து ‘உண்டு/இல்லை’) முகவரி கொண்ட நினைவகம்! 1897-இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பிரிவு தொடங்கியது. 1901-இல்தான் லண்டன் போலீஸான ஸ்காட்லாந்து யார்டு அதே முறைக்கு வந்தது.

பத்து விரலிலும் சக்கரம் இருந்தால் ராஜயோகம் என்பார்கள் நம் ஜோசியர்கள். ஹக்கின் அலமாரியில் அந்த யோகக்காரருக்கு 32/32, கடைசி அறை. அதைவிட எரிச்சல் தருவது, பிள்ளையின் ரேகையை ஸ்கேன் செய்து ‘இவன் இன்ஜினீயராவான்’ என்று பணம் வாங்கும் புதிய ஜோசியம். ஒரே மரபணு கொண்ட இரட்டையருக்கே ரேகை வேறுபடுகிறது. கருவில் தோல் வளர்ந்த விதத்தைத் தாண்டி அது எதையும் சொல்லாது.

அலமாரிக்கு ஒரு பெரிய குறை உண்டு. பத்து விரலும் வேண்டும். திருடன் ஜன்னலில் விட்டுப்போவது பாதி விரல், அதுவும் எந்த விரல் என்று தெரியாது. இங்கேதான் கணினி வருகிறது. அது சக்கரத்தைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ரேகைக் கோடு முடியும் இடங்களையும் இரண்டாகப் பிரியும் இடங்களையும் புள்ளிகளாகக் குறித்துக்கொள்கிறது. ஆனால் விரல் எந்தக் கோணத்தில் பட்டது என்று தெரியாதே! அதனால் ஒரு புள்ளியைப் பிடித்து, அதில் கோடு ஓடும் திசையையே அடிப்படையாக வைத்து, அக்கம்பக்கத்துப் புள்ளிகள் எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் இருக்கின்றன, நடுவே எத்தனை கோடுகள் என்று பதிகிறது. ரேகையை எப்படித் திருப்பினாலும் இந்த உறவு மாறாது. பிறகு தேர்தல் மாதிரிதான். ஒத்துப்போகும் ஒவ்வொரு புள்ளிக் கூட்டமும் ‘இத்தனை டிகிரி திருப்பி, இவ்வளவு நகர்த்தினால் பொருந்தும்’ என்று ஓட்டுப் போடும். தற்செயலாக ஒத்தவற்றின் ஓட்டுகள் சிதறிவிடும். ஒரே விரல் என்றால் ஒரே இடத்தில் குவியும். தோல் இழுபடும் என்பதால் கொஞ்சம் விட்டுக்கொடுத்தே எண்ணுகிறார்கள்.

2022-இல் தொடங்கிய தேசிய அமைப்பான ‘நாஃபிஸ்’, மாநிலங்களின் பதிவுகளை இப்படி ஒன்றாகத் தேட உதவுகிறது. ஒரு கோடிக்கும் மேற்பட்டவை. அதே ஆண்டு வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டத்தின்படி பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் போகும்.

ஏறுவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கணினி ‘இவன்தான்’ என்று சொல்வதில்லை. மிக நெருங்கிய சிலரை வரிசையாகத் தருகிறது, முடிவு நிபுணருடையது. குவியல் பெரிதாகப் பெரிதாக, மிக நெருக்கமாக ஒத்திருக்கும் ரேகை கொண்ட அந்நியர் ஒருவர் அகப்படும் வாய்ப்பும் கூடும். 2004-இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் இதுதான் நடந்தது. பையில் கிடைத்த ரேகை அமெரிக்க வழக்கறிஞர் ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் உறுதியாகச் சொல்லி, அவரைக் காவலில் வைத்தார்கள். ரேகை வேறொருவருடையது என்று ஸ்பெயின் போலீஸ் கண்டுபிடித்த பிறகே அவர் விடுபட்டார். 2011-இல் 169 நிபுணர்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய சோதனையில், வேறு ஆளின் ரேகையைப் பொருந்துகிறது என்றது 0.1 சதவீதம், பொருந்தியதை இல்லை என்றது 7.5 சதவீதம்.

நவீனமயம் என்றால் நம் அரசுகளுக்குச் சர்வரும் ஸ்கேனரும்தான் நினைவுக்கு வருகின்றன; திறப்பு விழாவுக்கு அவை தோதானவை. விடை தெரிந்த ரேகைகளை வழக்கோடு வழக்காக, நிபுணருக்குத் தெரியாமல் கலந்து கொடுத்து, மாநில விரல்ரேகைப் பிரிவுகளின் பிழை விகிதத்தை அளந்து வெளியிடும் ஆராய்ச்சிக்கு ரிப்பன் வெட்ட முடியாது. செலவோ மிகக் குறைவு. அதற்கும் முன்னால் காசே தேவைப்படாத ஒன்றைச் செய்யலாம்: கணினி தரும் ஆளின் ரேகையைப் பார்க்கும் முன்பே, ஜன்னலில் எடுத்த ரேகையில் தெரியும் புள்ளிகளை நிபுணர் குறித்துக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும். அந்த ஆளின் ரேகையைப் பார்த்த பிறகு சேர்க்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் நீதிமன்றத்தில் காரணம் கேட்கலாம்.