என்ஜின் திணறினால் எண்ணெய்ப் புட்டியை எடுக்காதீர்கள்

ஹெச்ஓ அளவு (அசலில் 87-இல் ஒரு பங்கு) மாடல் ரயிலின் டீசல் என்ஜின் ஓடாமல் நின்றதும் பெரும்பாலோர் இரண்டு காரியம் செய்கிறார்கள். கன்ட்ரோலரைக் கடைசிவரை திருப்பிப் பார்ப்பார்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மேல்கூட்டைக் கழற்றி, கண்ணில் படும் இடத்திலெல்லாம் எண்ணெய் விடுவார்கள். பாதிப் பழுது இந்த எண்ணெயால் வருவதுதான். வேலைமேஜைக்கு வரும் டீசல்களில் மோட்டாரே செத்துப்போனவை சொற்பம். முதலில் மின்சாரம் போகும் பாதை, அடுத்து கியர், கடைசியில்தான் மோட்டார். சந்தேகப்பட வேண்டிய வரிசை இதுதான்.

நீராவி மாடல்போல இணைப்புத் தண்டு, கோணப் பொருத்தம் என்ற தலைவலி எதுவும் டீசலில் இல்லை. நடுவில் மோட்டார், இருபுறமும் ஃபிளைவீல், அங்கிருந்து யுனிவர்சல் ஷாஃப்ட், ஒவ்வொரு போகியின் (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம்) தலையிலும் ஒரு வார்ம் (திருகு வடிவக் கியர்), அதற்குக் கீழே கியர்கள். அவ்வளவுதான்.

எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறதா, எங்கே வைத்தாலும் நிற்கிறதா? இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரே இடம் என்றால் தண்டவாளத்தின் மூட்டு தளர்ந்திருக்கும். அங்கே தனி வயர் இழுத்து சால்டர் செய்தால் தீர்ந்தது. எங்கே வைத்தாலும் திணறினால் சக்கரத்தைப் பாருங்கள். பழைய மாடல்களில் இரும்புத்தூளை அழுத்திச் செய்த சக்கரங்கள் உண்டு. சொரசொரப்பான அந்தப் பரப்பில் அழுக்கு சீக்கிரம் ஏறும். கடற்கரை ஊர் ஈரத்தில் துருவும் பிடிக்கும். பிற்காலத்து நிக்கல் சில்வர் சக்கரங்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை.

சக்கரத்தைச் சுத்தம் செய்யக் கிச்சன் டிஷ்யூ ஒன்று போதும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஈரப்படுத்தி, தண்டவாளத்தின் குறுக்கே விரியுங்கள். ஈரம் இருந்தால் போதும், சொட்டக் கூடாது. அதன் ஆவி தீப்பிடிக்கக் கூடியது. ஒரு போகி டிஷ்யூவின் மேலும் மற்றது வெறும் தண்டவாளத்திலும் இருக்கும்படி என்ஜினைக் கையால் பிடித்துக்கொண்டு, கன்ட்ரோலரைக் கால்வாசி திருப்பி, பத்து விநாடி சுழல விடுங்கள். டிஷ்யூவில் இரண்டு கறுப்புக் கோடு விழும். என்ஜினைத் திருப்பி வைத்து அடுத்த போகிக்கும் இதையே செய்யுங்கள். கோடு வெளுக்கும்வரை டிஷ்யூவை நகர்த்தி நகர்த்தி ஓட்ட வேண்டும். உப்புத்தாள் மட்டும் வேண்டாம். அது போடும் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு வந்து உட்காரும்.

சக்கரம் சுத்தமாகியும் விட்டு விட்டு ஓடினால், சக்கரத்திலிருந்து மோட்டார்வரை மின்தொடர்ச்சி இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். அமெரிக்காவின் ஏதர்ன் நிறுவனம் நீலப்பெட்டியில் விற்ற பழைய மாடல்களில் ஒரு பக்க மின்சாரம் உலோகச் சட்டகம் வழியாகவும், மறுபக்கம் மோட்டாரின் தலைமேல் ஓடும் ஒரு தகடு வழியாகவும் போகும். அந்தத் தகடு போகியின் உலோக நாக்கை வெறுமனே தொட்டுக்கொண்டுதான் இருக்கும். தொடும் இடம் கறுத்தால் சங்கதி முடிந்தது. தகட்டை எடுத்துவிட்டு மெல்லிய வயரைச் சால்டர் செய்வதே நிரந்தரத் தீர்வு. சால்டரிங் அயர்னை இரண்டு விநாடிக்கு மேல் வைத்தால் பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் உருகிவிடும்.

இனி கியர். ஓடும்போது ‘டிக், டிக்’ என்று சத்தம் வந்தால் ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க டீசல்களில் வழக்கமான 40 அங்குலச் சக்கரம் 1:87 அளவில் ஏறத்தாழ 11.7 மில்லிமீட்டர் விட்டத்துக்கு வரும். ஒரு சுற்றுக்கு 3.7 சென்டிமீட்டர் தூரம். ஒவ்வொரு 3.7 சென்டிமீட்டருக்கும் ஒரு ‘டிக்’ விழுந்தால், அச்சின் நடுவிலுள்ள பிளாஸ்டிக் கியரில் விரிசல் என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம். இரண்டு பக்கமும் அரை அச்சுகளை இறுக்கி நுழைத்திருப்பார்கள். அந்த இறுக்கத்தில் வருடக்கணக்கில் இருந்த பிளாஸ்டிக், இரண்டு பற்களுக்கு நடுவே மயிரிழை அளவு பிளக்கும். பிளந்த இடத்தில் பல்லிடைவெளி கூடிவிடுவதால் ஒவ்வொரு சுற்றிலும் அங்கே இடிக்கும். லென்ஸ் வைத்து, பற்களின் பள்ளத்தில் பார்த்தால் தெரியும். உடனடிப் பசை போட்டு ஒட்டாதீர்கள். இந்த வகை பிளாஸ்டிக்கில் பசை நிற்காது, நின்றாலும் பல்லிடைவெளி திரும்பாது. புதுக் கியர்தான் ஒரே வழி. ஒன்றில் பிளந்திருந்தால் மற்ற அச்சுகளின் கியர்களையும் சேர்த்து மாற்றுங்கள், வயது எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே. சக்கரங்களைத் திரும்ப நுழைத்ததும் அவற்றின் உள்முகங்களுக்கிடையே சுமார் 14.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று காலிப்பரில் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் பாயின்ட்டில் (தடம் பிரியும் இடத்தில்) சக்கரம் தடத்தைவிட்டு இறங்கும்.

சத்தம் அதைவிட வேகமாக, மோட்டாரின் சுழற்சியோடு சேர்ந்து வந்தால் ஷாஃப்டையும் வார்மையும் பாருங்கள்.

இறுக்கமாக ஓடுகிறது என்று தோன்றினால் அம்மீட்டரைத் தொடரில் இணையுங்கள். புதிய வகை மூடிய மோட்டார் கொண்ட என்ஜின், பெட்டி எதுவும் இழுக்காமல் ஓடும்போது பொதுவாக 0.3 ஆம்பியருக்குள் எடுக்கும். அரை ஆம்பியரைத் தாண்டினால் எங்கோ பிடிக்கிறது. இரண்டு ஷாஃப்டையும் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். ஆம்பியர் இறங்கினால் குற்றவாளி போகிக்குள் இருக்கிறது. பெரும்பாலும் மெழுகுபோல் கெட்டிப்பட்ட பழைய கிரீஸ். அதை வழித்தெடுத்துக் கழுவிய பிறகுதான் புதியது வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிரீஸ், வார்முக்கு ஓர் அரிசி அளவு. மோட்டாரின் பேரிங்குக்கு ஊசிமுனையில் கடுகளவு எண்ணெய். கம்யூட்டேட்டருக்கு (மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசும் உருளை) எதுவும் வேண்டாம். அங்கே எண்ணெய் பட்டால் கார்பன் தூளோடு குழைந்து, பிளவுகளை அடைத்து ஷார்ட் ஆக்கும். வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெயும் துருநீக்கும் ஸ்பிரேயும் மேஜைப்பக்கமே வரக் கூடாது.

டிசிசி, அதாவது தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் முறை என்றால் இன்னும் ஒரு சோதனை. விளக்கு எரிந்தும் என்ஜின் நகரவில்லை என்றால், இரட்டை என்ஜின் இணைப்புக்கான எண், டீகோடரின் (என்ஜினுக்குள் கட்டளையை வாங்கும் சிறு பலகை) சிவி 19 என்ற அமைப்பில் தங்கியிருக்கலாம். அதில் 0 எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் டீகோடரை ஆலை நிலைக்குத் திருப்புங்கள்: பலவற்றில் சிவி 8-இல் 8 எழுதினால் போதும், சிலவற்றுக்கு எண் வேறு, கூட வந்த தாளைப் பாருங்கள். என்ஜினை அழைக்கும் முகவரி எண் 3 ஆகிவிடும். புதிதாக டீகோடர் பொருத்துவதாக இருந்தால், மோட்டாரின் இரண்டு பிரஷ் முனைகளும் சட்டகத்தோடு தொடர்பில்லாமல் இருக்கின்றனவா என்று மீட்டரில் உறுதிசெய்யாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். மறந்தால் டீகோடர் புகைந்துவிடும்.

அமெரிக்காவிலிருந்து செட்டோடு வரும் பழைய பவர்பேக்குகள் 120 வோல்ட்டுக்கானவை. பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் வோல்ட்டேஜை மாற்றாது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் உள்ளே சுருள் கருகும். ‘100-240’ என்று அச்சிட்டிருந்தால் மட்டும் நேராகச் செருகலாம். இல்லையென்றால் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

ஈரோடு ஷெட்டில் பார்த்துப் பழகிய டபிள்யூடிஎம்-2 டீசல் போல ஆறு அச்சு கொண்ட, எஸ்டி40-2 என்ற அமெரிக்க டீசல் வகை மாடல்களை 18 அங்குல ஆர வளைவில் ஓட்டிவிட்டு, தடம் புரள்கிறதே என்று போகியைக் குற்றம் சொல்லக் கூடாது. அவற்றுக்கு 22 அங்குலமாவது கொடுங்கள். 24 என்றால் நிம்மதி.

எல்லாம் முடித்துப் பூட்டியதும் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில், முன்னோக்கி அரை மணி, பின்னோக்கி அரை மணி, பெட்டி இல்லாமல் ஓட்டி, மறுபடி ஆம்பியர் பாருங்கள். அந்த எண்ணைத் தேதியோடு மாடல் வைக்கும் அட்டைப்பெட்டி மூடியின் உட்பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்தால், அடுத்த முறை திணறும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.