சாவிக்கொத்தைக் குறைக்கச் சொன்ன கம்பெனி

விபத்துக்குள்ளான காரை இன்சூரன்ஸ் சர்வேக்காகப் பார்க்கப் போகும்போது, நசுங்கிய பானெட்டை அளப்பதற்கு முன்னால் ஸ்டீயரிங் பக்கம் குனிந்து சாவி எந்த நிலையில் நிற்கிறது என்று பார்ப்பேன். பெரும்பாலும் காப்பாற்ற ஓடி வந்தவர்கள் வண்டியை அணைத்துச் சாவியை எடுத்திருப்பார்கள். அப்போது அதனால் பயன் இல்லை. ஆனால் சாவி அப்படியே இருந்து, அது ‘ஆன்’ நிலையில் இல்லாமல் ஒரு படி கீழே, ரேடியோ போன்றவை மட்டும் ஓடும் ‘ஏ.சி.சி.’யில் நின்று, ஏர்பேக்கும் விரியாமல் இருந்தால், கோப்பில் தனியாக ஒரு குறிப்பு எழுதுவேன்.

இப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது ஜெனரல் மோட்டார்ஸ் என்ற அமெரிக்கக் கார் கம்பெனியின் கதை. அதன் செவர்லே பிராண்டு என்றால் நம்மூரில் உடனே தெரியும். டவேரா டாக்ஸியில் ஏறாதவர் குறைவு. அந்தக் கம்பெனியின் நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: வண்டியில் ஒரு குறை இருந்தால் அதைச் சுமக்க வேண்டியவர் யார், செய்தவரா, ஓட்டுபவரா?

தொடக்கத்தில் அவர்கள் சொன்ன பதில் சரியாகவே இருந்தது. மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் நகரில் குதிரை வண்டி செய்து பெரும் பணம் பார்த்த வில்லியம் டியூரண்ட் 1908இல் ஜெனரல் மோட்டார்ஸைத் தொடங்கினார். ப்யூயிக் ஏற்கெனவே கையில் இருந்தது. அடுத்து ஓல்ட்ஸ்மொபீல், காடிலாக் என்று வாங்கிக் குவித்தார். வாங்கிய வேகத்தில் கடனும் ஏறியது. 1910இல் வங்கிக்காரர்கள் அவரை ஓரங்கட்டினார்கள். மனிதர் சும்மா இருக்கவில்லை. லூயி செவர்லே என்ற பந்தயக்கார ஓட்டுநருடன் சேர்ந்து 1911இல் செவர்லே கம்பெனியை ஆரம்பித்து, அதன் பலத்தில் 1916இல் ஜெனரல் மோட்டார்ஸையே திரும்பப் பிடித்தார். 1920இல் மறுபடி வெளியேற்றப்பட்டார். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

அந்தக் காலத்தில் காரைக் கிளப்ப முன்பக்கம் போய் இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். என்ஜின் திடீரென்று எதிர்ப்பக்கம் உதைத்தால் கைப்பிடி திரும்பி அடிக்கும். மணிக்கட்டு முறிந்தவர்கள் ஏராளம், தாடை உடைந்தவர்களும் உண்டு. ‘கட்டைவிரலை மடக்காமல் பிடி’ என்று ஓட்டுநருக்குப் பாடம் நடத்துவதுதான் அன்றைய தீர்வு. சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் மின்சார ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தார். 1912ஆம் ஆண்டுக் காடிலாக்கில் அது பொருத்தப்பட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே வண்டி கிளம்பியது. ஆபத்தை ஓட்டுபவரின் கையிலிருந்து எடுத்து வண்டிக்குள்ளேயே தீர்த்துவைத்தார்கள். இன்று நாம் சாவியைத் திருப்புவதும் பொத்தானை அழுத்துவதும் அங்கிருந்து வந்த வழக்கம்தான்.

1923இல் ஆல்ஃபிரட் ஸ்லோன் தலைவரானார். ஃபோர்டு ஒரே மாடலை ஒரே மாதிரி அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது, இவர் வருமானத்துக்கு ஏற்ற படிக்கட்டு கட்டினார்: அடியில் செவர்லே, மேலே போகப் போக பான்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், ப்யூயிக், உச்சியில் காடிலாக். ஆண்டுதோறும் உருவத்தை மாற்றினார். கார் வாங்கக் கடன் கொடுக்க 1919இலேயே கம்பெனிக்குத் தனி நிறுவனம் இருந்தது. ஒவ்வொரு பிராண்டும் தனித்தனிப் பிரிவு, அவற்றுக்கு மேலே கமிட்டிகள். 1931இல் உலகின் மிகப்பெரிய கார் உற்பத்தியாளர் என்ற இடத்தைப் பிடித்தவர்கள் 2007 வரை விடவில்லை. அடுத்த ஆண்டு டொயோட்டா முந்தியது. இந்தக் கமிட்டி முறைதான் அவர்களை வளர்த்தது. பின்னால் அவர்கள் காலை வாரியதும் அதுதான்.

முதல் சறுக்கல் 1960 மாடலாக வந்த செவர்லே கோர்வேர். பின்பக்கம் என்ஜின் வைத்த சிறிய கார். பின் ஆக்ஸில் அமைப்பு காரணமாக, வேகமாக வளைவில் திரும்பினால் பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கும் ஆபத்து இருந்தது. கம்பெனி அதற்கு வைத்திருந்த ஏற்பாட்டைக் கேளுங்கள்: முன் டயரில் 15 பவுண்டு காற்று, பின் டயரில் 26 பவுண்டு. இந்த வித்தியாசத்தை உரிமையாளர் காப்பாற்றினால் வண்டி ஒழுங்காகத் திரும்பும். நான்கு டயருக்கும் ஒரே அளவு காற்று அடிக்கிற பங்க் ஊழியருக்கு இது எப்படித் தெரியும்? ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர் 1965இல் எழுதிய புத்தகத்தில் இதைப் போட்டு உடைத்தார். கம்பெனி அவர் பின்னால் துப்பறிவாளர்களை அனுப்பியது. விஷயம் வெளியே வந்து, 1966 மார்ச்சில் கம்பெனித் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழு முன்னால் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1972இல் அரசு வெளியிட்ட ஆய்வு, கோர்வேர் அக்காலத்து மற்ற சிறிய கார்களைவிட மோசம் இல்லை என்றது. இருக்கட்டும். பொறியாளர் தீர்க்க வேண்டியதைக் காற்றடிக்கும் குழாயிடம் ஒப்படைத்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இனி சாவிக்கு வருவோம். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சாவியைத் திருப்பும்போது ஒவ்வொரு நிலையிலும் ‘டக்’ என்று உட்காருகிறதல்லவா? உள்ளே ஸ்பிரிங்கால் தள்ளப்படும் ஒரு சின்ன முளை இருக்கிறது. அது பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்வதால்தான் சாவி அங்கே நிற்கிறது. பிளஞ்சர் என்பார்கள். விரல்நுனி அளவுகூட வராது. சேட்டர்ன் அயான், செவர்லே கோபால்ட் போன்ற கார்களுக்காக 2002இல் ஒப்புதல் பெற்ற சுவிட்சில் இந்தப் பிடிப்பு போதவில்லை. கம்பெனி நிர்ணயித்த திருப்புவிசை 20 நியூட்டன்-சென்டிமீட்டர், ஐந்து கூடக் குறைய இருக்கலாம். சோதனையில் கிடைத்ததோ 4 முதல் 10 வரைதான். அதே நிலையில் பொறுப்புப் பொறியாளர் கையெழுத்துப் போட்டார். 2003 மாடலிலிருந்து வண்டிகள் சாலைக்கு வந்தன.

முட்டி பட்டால் போதும், அல்லது கனமான சாவிக்கொத்து குலுங்கினால் போதும், சாவி ‘ஏ.சி.சி.’க்கு இறங்கிவிடும். என்ஜின் நிற்கும். பவர் ஸ்டீயரிங் கல்லாகும். பிரேக் மிதிக்கு வலுச் சேர்க்கும் பூஸ்டரில் மிச்சம் இருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் உதவும். எல்லாவற்றையும்விட மோசம், ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் மின்சாரம் போய்விடும். வண்டி கட்டுப்பாட்டை இழந்து மரத்தை நோக்கிப் போகிற அந்த நேரத்தில், காப்பாற்ற வேண்டிய பை விரியாது.

புகார்கள் வந்தன. கம்பெனிப் பொறியாளர்களுக்கே ஓட்டும்போது வண்டி நின்றது. ஆனால் ‘ஓடும்போது வண்டி நிற்பது வாடிக்கையாளருக்குச் சௌகரியக் குறைவு’ என்ற கணக்கில் அதை வைத்துவிட்டார்கள். ஏர்பேக் பிரிவில் வேலை செய்தவர்களுக்குச் சாவி விஷயம் தெரியாது. சாவியைப் பார்த்தவர்களுக்கு ஏர்பேக் ஞாபகம் வரவில்லை. மாற்றுவதற்குச் செலவு அதிகம், காலமும் பிடிக்கும் என்று 2005இல் கோப்பை மூடினார்கள். மேம்படுத்தப்பட்ட சுவிட்சுக்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு டாலருக்கும் குறைவு என்று பின்னால் நாடாளுமன்ற விசாரணையில் தெரிந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் டீலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போனது. சாவிக்கொத்தில் தேவையில்லாத பொருள்களைக் கழற்றிவிடும்படி வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள் என்றது அது. கேட்டு வருபவர்களுக்குச் சாவியின் தலையில் வளையம் மாட்டும் துளையைச் சிறிதாக்கும் ஒரு சின்னச் செருகலும் கொடுக்கப்பட்டது. கைப்பிடி மணிக்கட்டை உடைக்காமல் இருக்க ஸ்டார்ட்டரைப் பொருத்திய அதே கம்பெனி!

2006இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு கோபால்ட் சாலையை விட்டு விலகி மரங்களில் மோதியது. இளம்பெண்கள் இருவர் இறந்தனர். ஏர்பேக் விரியவில்லை. விசாரித்த மாநிலப் போக்குவரத்துக் காவலர் சாவி ‘ஏ.சி.சி.’யில் நின்றதைக் கவனித்து, இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2007இல் அறிக்கை எழுதினார். சம்பவ இடத்தை ஒழுங்காகப் பார்த்த ஒரு காவலருக்குத் தெரிந்தது, ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் இருக்கும் கட்டடத்துக்குள் பல ஆண்டு ஏறவே இல்லை. அந்த அறிக்கை கம்பெனியின் கோப்பிலேயே கிடந்தது என்பதுதான் கொடுமை.

இன்னொரு முடிச்சும் விழுந்திருந்தது. 2006இல் அந்தச் சுவிட்சின் வடிவத்தைச் சத்தமில்லாமல் திருத்தினார்கள். பிளஞ்சரை நீளமாக்கி, ஸ்பிரிங்கை வலுவாக்கினார்கள். ஆனால் பார்ட் நம்பரை மாற்றவில்லை. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் இல்லை. உதிரிபாகம் மாறினால் எண் மாற வேண்டும். எண் மாறாததால் 2008 மாடலிலிருந்து இந்தப் பிரச்சினை ஏன் காணாமல் போனது என்று விசாரித்தவர்களே குழம்பி நின்றார்கள். ஜார்ஜியாவில் இறந்துபோன ஒரு பெண்ணின் பெற்றோர் தொடுத்த வழக்கில்தான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. அவர்கள் தரப்பில் வேலை செய்த மார்க் ஹூட் என்ற பொறியாளர், கடையில் புதிதாக ஒரு சுவிட்சை வாங்கி வந்து, பழையதோடு சேர்த்துப் பிரித்துப் பார்த்தார். எண் ஒன்றுதான். பிளஞ்சரின் நீளத்தில் மட்டும் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம்.

இடையில் 2009 ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகி, அமெரிக்க அரசின் பணத்தில் நாற்பது நாளில் மீண்டெழுந்தது. பழைய வழக்குகளிலிருந்து தப்பிக்க அந்தத் திவாலையே கேடயமாகக் காட்டப் பார்த்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் அதை ஏற்கவில்லை.

2014 ஜனவரியில் மேரி பாரா தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பெரிய கார் கம்பெனி ஒன்றுக்குத் தலைவரான முதல் பெண். அடுத்த மாதமே ரீகால், அதாவது குறையைச் சரிசெய்ய வண்டிகளைத் திரும்ப அழைப்பது, தொடங்கியது. படிப்படியாக விரிந்து மொத்தம் சுமார் 26 லட்சம் கார்கள். கம்பெனி அமைத்த இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124, காயமடைந்தோர் 275. முதலில் கம்பெனி சொன்ன எண்ணிக்கை 13. மறு ஆண்டு 90 கோடி டாலர் கட்டிக் குற்ற வழக்கைத் தள்ளிவைத்துக்கொண்டது. கம்பெனியே நியமித்த விசாரணையின் அறிக்கையில், ‘ஜி.எம். சல்யூட்’ என்று ஒரு பழக்கம் வருகிறது. கைகளை மார்பின் குறுக்கே மடித்து, விரல்களை இரண்டு பக்கமும் வெளியே நீட்டுவார்களாம். பொறுப்பு என்னுடையது அல்ல, அவருடையது என்று பொருள். ஸ்லோன் கட்டிய கமிட்டிகள் வந்து சேர்ந்த இடம் அது.

இந்தியாவிலும் ஒரு கிளைக்கதை உண்டு. 2013இல் 2005 முதல் தயாரான சுமார் 1.14 லட்சம் டவேராக்களை இங்கே திரும்ப அழைத்தார்கள். புகைச் சோதனையில் தன் ஊழியர்களே தில்லுமுல்லு செய்தார்கள் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டு பலரை வேலையிலிருந்து நீக்கியது. 2017 முடிவில் இந்தியாவில் விற்பனையையே நிறுத்திவிட்டுப் போனார்கள்.

சரி, நம் வண்டிக்கு வருவோம். ஓடும்போது என்ஜின் நிற்கிறது என்று சர்வீஸ் சென்டரில் சொன்னால், ‘பெட்ரோல் எங்க சார் போடுறீங்க?’, ‘ஹாஃப் கிளட்ச்ல ஓட்டுறீங்களா?’ என்று கேட்பார்கள். சில நேரம் அது உண்மையான காரணமாகவும் இருக்கும். ஆனால் பழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லி அனுப்பினால், அந்த அறிவுரையையும் ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவர் பானெட்டைத் திறந்து இன்னொரு முறை பார்ப்பார். இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். புகாரையும் உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். ‘ஜெனரல் செக்அப்’ என்று போட்டால் அந்தப் புகார் எங்கும் பதிவாகாது. நாளைக்கு விபத்து என்று நாங்கள் வந்து நின்றால், எங்கள் கையில் பிடிக்க ஒன்றும் இருக்காது.

சாவி போட்டு ஓட்டும் வண்டியாக இருந்தால் கொத்தையும் கொஞ்சம் பாருங்கள். வீட்டுச் சாவி, பீரோ சாவி, ஸ்கூட்டர் சாவி, பழனியில் வாங்கிய பித்தளை வேல், கல்யாண வீட்டில் கொடுத்த பாட்டில் ஓப்பனர் என்று கால் கிலோ தொங்கும் கொத்துகளை வாரந்தோறும் பார்க்கிறேன். அதைக் கழற்றுவது நல்லதுதான். கழற்றிய பிறகுதான் சாவி நிற்கிறது என்றால், சுவிட்சை மாற்றியே ஆக வேண்டும். ஓட்டும்போது நின்றுபோனால் பதறி சாவியை ‘லாக்’ வரை திருப்பாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள்.

2021 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் ரீகாலைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு. ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அது பொருந்தும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் தளத்தில் உரிமையாளரே குறையைப் பதியலாம். செகண்ட் ஹேண்ட் வாங்கியவர்களுக்கு ஒரு விஷயம்: ரீகால் செய்தி பெரும்பாலும் பழைய உரிமையாளரின் போனுக்குத்தான் போகும். ஆர்.சி.யில் பெயர் மாற்றிய கையோடு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சேசி நம்பரைக் கொடுத்து, நிலுவையில் ரீகால் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் எண்ணையும் அவர்களின் பதிவில் மாற்றச் சொல்லுங்கள். ரீகால் வேலைக்கு உதிரிபாகத்துக்கும் கூலிக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை.